ஒரே பெட்டியா, தனித்தனிப் பெட்டிகளா? வீட்டு ஆடியோ வாங்கும் முன் ஒரு விளக்கம்

என்னிடம் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ஒரு நாள் அதை அலமாரியிலிருந்து இறக்கிப் பின்பக்கத் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி மாதிரி வளைந்த இரண்டு சின்ன உலோகத் துண்டுகள் நான்கு சாக்கெட்டுகளில் செருகியிருந்தன. பயன்படாத சாக்கெட்டுகளுக்குப் போட்ட மூடி என்று நினைத்து, இரண்டையும் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டேன். மாலையில் ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மாட்டினேன், ஃப்யூஸைப் பார்த்தேன், சிடி பிளேயரை மாற்றிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் டப்பா ஞாபகத்துக்கு வந்தது. துண்டுகளைப் பழைய இடத்தில் செருகியதும் பாட்டு வந்துவிட்டது.

அந்தச் சாக்கெட்டுகளுக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு பக்கம் 'ப்ரீ அவுட்' என்றும் இன்னொரு பக்கம் 'மெயின் இன்' என்றும் எழுதியிருந்தது. ஒரே இயந்திரம் என்று நான் நினைத்திருந்த பெட்டிக்குள் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்றின் வாசலிலிருந்து மற்றொன்றின் வாசலுக்கு அந்தக் கொண்டை ஊசிகள்தான் பாலம். எல்லாம் சேர்ந்த ஒரே செட் வாங்கலாமா, தனித்தனியாக வாங்கிச் சேர்க்கலாமா என்ற கேள்வி எனக்குத் தெளிவாக ஆரம்பித்தது அந்தப் பாலத்தில்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

எந்த ஆடியோ அமைப்பாக இருந்தாலும் சில வேலைகள் நடந்தே ஆக வேண்டும். முதலில் பாட்டு எங்கிருந்தாவது வர வேண்டும்: ரெக்கார்ட் பிளேயர், சிடி பிளேயர், டிவி, போன், இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர். டிஜிட்டலாக இருந்தால், அந்த எண்களை மின் அலையாக மாற்ற ஒரு டிஏசி வேண்டும். அப்புறம் எதைக் கேட்பது, எவ்வளவு சத்தமாகக் கேட்பது என்று முடிவு செய்யும் இடம், அது ப்ரீஆம்ப். கடைசியில் ஸ்பீக்கரின் கூம்பைத் தள்ளி இழுக்கும் பலத்தைக் கொடுப்பது பவர் ஆம்ப்.

இந்த வேலைகளுக்கு நடுவே மின்சாரத்தின் அளவு எப்படி மாறுகிறது என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ரெக்கார்ட் பிளேயரின் ஊசியிலிருந்து வரும் மின்னழுத்தம் வழக்கமான மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜில் (கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) சுமார் 5 மில்லிவோல்ட். மூவிங் காயில் வகையில் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே. சிடி பிளேயரிலிருந்து வருவது அதிகபட்சம் சுமார் 2 வோல்ட், அதாவது அந்த 5 மில்லிவோல்ட்டைப் போல 400 மடங்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் கொடுக்க வேண்டுமென்றால் 20 வோல்ட்டும் இரண்டரை ஆம்பியர் கரன்ட்டும் தேவை. ஒரே பாட்டு, தலையிலும் வாலிலும் இவ்வளவு வித்தியாசம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இன்றைய பவர் ஆம்ப்கள் பல 1 வோல்ட், ஒன்றரை வோல்ட் வந்தாலே முழுப் பலத்தையும் கொடுத்துவிடும். சிடி பிளேயரோ 2 வோல்ட் தருகிறது. அப்படியென்றால் ப்ரீஆம்ப் அங்கே எதையும் பெரிதாக்கவில்லை. வந்ததைக் குறைத்துத்தான் அனுப்புகிறது. வால்யூம் குமிழ் என்பது பெரும்பாலான நேரம் ஒரு பிரேக். பெரிதாக்கும் வேலை நிஜமாகவே தேவைப்படுவது ரெக்கார்டுக்குத்தான். அங்கே இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். பள்ளத்தின் அகலத்தைக் கட்டுப்படுத்தவும் சரசரப்பை அடக்கவும், ரெக்கார்டில் பதிக்கும்போதே பாஸை, அதாவது கனத்த ஒலிகளை, குறைத்து, கீச்சொலிகளைக் கூட்டிப் பதிப்பார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இதற்கான பொது அளவுகோல் 1954இல் அமெரிக்காவில் வந்தது, ஆர்ஐஏஏ வளைவு என்று பெயர். போனோ ஸ்டேஜ் என்று தனியாக விற்கும் சின்னப் பெட்டி செய்வது இந்த இரண்டையும்தான்.

சேர்ப்பதிலும் பிரிப்பதிலும் எத்தனை வகை

ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் இருந்தால் இன்டிகிரேட்டட் ஆம்ப். அதில் ரேடியோ ட்யூனரையும் சேர்த்தால் ரிசீவர். பல ஸ்பீக்கர்களுக்கான சரவுண்ட் வேலையும் எச்டிஎம்ஐ சாக்கெட்டுகளும் சேர்ந்தால் ஏவி ரிசீவர். ஸ்ட்ரீமரையும் டிஏசியையும் உள்ளே வைத்தால் ஸ்ட்ரீமிங் ஆம்ப். எல்லாவற்றையும் ஸ்பீக்கருக்குள்ளேயே நுழைத்தால் ஆக்டிவ் ஸ்பீக்கர், சவுண்ட்பார். எதிர்த் திசையில் போனால் ப்ரீஆம்ப் தனி, பவர் ஆம்ப் தனி. இன்னும் போனால் இடது ஸ்பீக்கருக்கு ஒரு பவர் ஆம்ப், வலதுக்கு ஒன்று. அவற்றை மோனோபிளாக் என்பார்கள்.

இரண்டு பக்கமும் நீண்ட வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் 1953இல் கொண்டுவந்த குவாட் 2 பவர் ஆம்ப் மோனோ. ப்ரீஆம்ப் அதற்குத் தனிப் பெட்டி. சில ஆண்டுகளில், 1958 வாக்கில், ஸ்டீரியோ ரெக்கார்டுகள் விற்பனைக்கு வந்தபோது, ஏற்கெனவே ஒரு குவாட் 2 வைத்திருந்தவர் அதைத் தூக்கிப்போட வேண்டியிருக்கவில்லை. இன்னொன்று வாங்கிப் பக்கத்தில் வைத்து, ப்ரீஆம்பை மட்டும் ஸ்டீரியோவுக்கு மாற்றிக்கொண்டால் போதும். கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில் ஹார்மன் கார்டன் எதிர்ப்பக்கம் யோசித்தது. 1954இல் வந்த அதன் ஃபெஸ்டிவல் டி1000 ட்யூனர், ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் மூன்றையும் ஒன்றாக்கியது. ஒயரோடு மல்லுக்கட்ட விரும்பாத சாதாரணக் குடும்பங்கள் வீட்டுக்குள் நல்ல ஒலியைக் கொண்டுவர இந்த மாதிரிப் பெட்டிகள்தான் வழி திறந்தன.

என் மனதுக்கு நெருக்கமான உதாரணம் 1978இல் வந்த நாட் 3020. பேப்பரில் 20 வாட்ஸ் மட்டுமே உள்ள எளிமையான இன்டிகிரேட்டட் ஆம்ப். ஆனாலும் உலகம் முழுக்க ஏராளமாக விற்றது. ஒரே பெட்டிதான், ஆனால் அதன் பின்னாலும் ப்ரீஆம்பையும் பவர் ஆம்பையும் பிரித்துக்கொள்ள வழி வைத்திருந்தார்கள். சேர்த்து விற்கும்போதே பிரிக்கவும் இடம் விட்டு வைத்த அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிரிப்பதால் என்ன லாபம்

முதல் காரணம் இரைச்சல். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மர் தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். 2 வோல்ட் சிக்னலுக்கு அது பெரிய தொல்லை இல்லை. அரை மில்லிவோல்ட் சிக்னல் அதன் பக்கத்தில் போனால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் ஒட்டிக்கொள்ளும். தள்ளி வைத்தால் புலம் வேகமாகக் குறைந்துவிடும். அதனால் ரெக்கார்ட் கேட்பவர்கள் போனோ ஸ்டேஜைத் தனிப் பெட்டியாக வைத்து, அதற்கு மின்சாரம் தரும் அடாப்டரையும் தூரத்தில் வைப்பதில் நியாயம் இருக்கிறது. மெல்லிய சிக்னல் தனியே இருக்கட்டும் என்பதுதான் தனித்தனிக் கருவிகளுக்கு ஆதரவான வாதங்களில் எனக்கு மிக வலுவாகத் தெரிவது.

இரண்டாவது, பலத்தைப் பங்கிடுவது. ஏவி ரிசீவர் அட்டைப் பெட்டியில் ஏழு சேனல், ஒவ்வொன்றுக்கும் 100 வாட்ஸ் என்று போட்டிருக்கும். குறிப்பேட்டைப் புரட்டினால், அந்த 100 என்பது பெரும்பாலும் இரண்டு சேனல்கள் மட்டும் ஓடும்போது அளந்தது என்று தெரியும். ஏழுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான். எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு குறையும். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். படத்தில் ஏழு ஸ்பீக்கரும் ஒன்றாக முழுச் சத்தத்தில் கத்தும் நொடிகள் மிகவும் குறைவு. ஆனால் பெரிய அறை, அதிகம் பலம் கேட்கும் ஸ்பீக்கர்கள் என்றால் அந்த நொடிகளில் ஒலி இறுகிப்போவது காதுக்குத் தெரியும். தனிப் பவர் ஆம்ப் அங்கே கைகொடுக்கும்.

மூன்றாவது சூடு. பழைய பாணி கிளாஸ் ஏபி ஆம்ப் வாங்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கைச் சூடாக வெளியேற்றும். அதே பெட்டிக்குள் நுணுக்கமான டிஜிட்டல் பலகைகளை வைத்தால் அவற்றின் ஆயுள் பாதிக்கப்படும். கிளாஸ் டி ஆம்ப்கள் வந்தபிறகு இந்தக் கவலை பெரிதும் குறைந்துவிட்டது. அவை நன்கு ஓடும்போது 90 சதவீதம் வரை மின்சாரத்தை ஸ்பீக்கருக்கே அனுப்பும். உள்ளங்கை அகல ஸ்ட்ரீமிங் ஆம்ப்கள் சாத்தியமானது இதனால்தான்.

பிரிப்பதன் விலை

ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் உலோக உறை, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு பிளக், பின்பக்கச் சாக்கெட்டுகள் எல்லாம் மறுபடி மறுபடி வேண்டும். கையில் இருக்கும் பணத்தில் ஒரு பங்கு ஒலிக்குப் போகாமல் தகரத்துக்குப் போகும். ஆரம்பிப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. அதே பணத்தில் ஒரு நல்ல இன்டிகிரேட்டட் ஆம்ப் வாங்கி, மிச்சத்தை ஸ்பீக்கரில் போட்டால் ஒலியில் கிடைக்கும் முன்னேற்றம் பல மடங்கு அதிகம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அப்புறம் ரீங்காரம் வேறு வழியில் திரும்பி வரும். இரைச்சலைக் குறைக்கப் பிரித்தோம், பிரித்ததாலேயே இரைச்சல் வந்தது என்று பலர் குழம்பிப்போகும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ப்ரீஆம்புக்கு ஒரு பிளக், பவர் ஆம்புக்கு ஒரு பிளக். இரண்டும் சுவரில் எர்த்தோடு சேர்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஆர்சிஏ கேபிள் (ஆடியோ கருவிகளை இணைக்கும் வழக்கமான கேபிள்) போகிறது, அதன் வெளிக் கம்பிவலையும் எர்த்தோடு சேர்ந்தது. இப்போது சுவர், ஒரு பெட்டி, கேபிள், இன்னொரு பெட்டி, மறுபடி சுவர் என்று ஒரு முழு வளையம் உருவாகிவிட்டது. அந்த வளையத்தில் மெயின்ஸ் மின்சாரத்தின் துடிப்பு சுற்றத் தொடங்கினால், ஸ்பீக்கரில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் உறுமல் கேட்கும். இதற்குப் பெயர் கிரவுண்ட் லூப்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பவர் ஆம்பை அணைத்துவிட்டு, அதற்கு வரும் கேபிளைக் கழற்றி, மறுபடி ஆன் செய்து கேளுங்கள். அமைதியாக இருந்தால் அது நிரபராதி. அடுத்து ப்ரீஆம்பை மட்டும் மாட்டுங்கள், அதற்குள் எந்த இணைப்பும் இல்லாமல். பிறகு ஒவ்வொரு கருவியாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்துவிட்டு. எதைச் சேர்க்கும்போது உறுமுகிறதோ அதுதான் ஆள். பெரும்பாலும் கேபிள் டிவி அல்லது ஆன்டெனா வயரோடு சேர்ந்த டிவியாகவோ, கணினியாகவோ இருக்கும். டிவியிலிருந்து வரும் செம்புக் கேபிளுக்குப் பதிலாக ஆப்டிகல் கேபிள் போட்டாலே பல வீடுகளில் உறுமல் நின்றுவிடும். அதில் போவது வெளிச்சம், மின்சாரம் இல்லை, ஆகவே வளையம் அறுந்துபோகிறது. எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் கார்டில் செருகுவதும் உதவும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: உறுமல் போகிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பதோ, எர்த் வயரைத் துண்டிப்பதோ கூடாது. கருவிக்குள் ஏதாவது கோளாறு ஏற்பட்டால், மின்சாரம் உங்கள் கை வழியே போகாமல் காப்பது அந்த வயர்தான்.

பொருத்தம் பார்ப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும். ப்ரீஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸை (ஓம் கணக்கில் சொல்லும் மின்தடை) போலக் குறைந்தது 10 மடங்காவது பவர் ஆம்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் இருக்க வேண்டும் என்பது பொது விதி. குறைந்தால் பாஸ் மெலிவது போன்ற விளைவுகள் வரும், குறிப்பாகக் கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் ப்ரீஆம்ப்களில். இரண்டும் அளவுக்கு மீறிப் பெருக்குபவையாக இருந்தால் வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே வீடு அதிரும். இரவில் மெல்லக் கேட்க நினைக்கும்போது குமிழ் கைக்கு அடங்காது. ஆன் செய்வதிலும் வரிசை இருக்கிறது. முதலில் ப்ரீஆம்ப், கடைசியில் பவர் ஆம்ப். அணைக்கும்போது முதலில் பவர் ஆம்ப். மாற்றிச் செய்தால் ப்ரீஆம்ப் விழிக்கும்போது வரும் 'டம்' என்ற அடி நேரே ஸ்பீக்கருக்குப் போகும். ஒரே பெட்டியில் இந்தக் கணக்கையெல்லாம் வடிவமைத்தவரே போட்டு வைத்திருப்பார்.

இன்னொன்று, இதை நான் அக்கா வீட்டில் கற்றுக்கொண்டேன். நான்தான் ஆசையாக அங்கே தனித்தனிக் கருவிகளாகச் சேர்த்து வைத்தேன். ஒலி அருமையாக இருந்தது. ஆறு மாதம் கழித்துப் போனபோது ஸ்பீக்கர் மேல் துணி மடித்து வைத்திருந்தார்கள். "பாட்டு கேக்கணும்னா நாலு சுவிட்ச் போடணும், ரெண்டு ரிமோட் தேடணும். நீ போனதுக்கப்புறம் யாரும் அதத் தொடல தம்பி" என்றாள் அக்கா. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அதே ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரே ஸ்ட்ரீமிங் ஆம்பாக மாற்றினேன். போனில் தொட்டால் தானே விழித்துக்கொள்ளும், டிவி போட்டால் தானே டிவிக்கு மாறும். இப்போது அங்கே தினமும் பாட்டு ஓடுகிறது. வீட்டில் எல்லோராலும் போட முடிகிற செட்டில்தான் பாட்டு கேட்கும்.

எத்தனை வாட்ஸ் நிஜமாகத் தேவை

தனிப் பவர் ஆம்ப் வேண்டுமா என்று முடிவு செய்வதற்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரின் குறிப்பேட்டில் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் என்பது போல இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். வீட்டில் நிம்மதியாகக் கேட்கும் சத்தம் 70 முதல் 75 டெசிபலுக்குள் இருக்கும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும், அன்றாடப் பாட்டின் பெரும்பகுதி ஒரு வாட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

பிறகு எதற்கு 50, 100? பாட்டில் டிரம் அடியோ, குரலின் உச்சமோ சராசரியைவிட 20 டெசிபல் மேலே எகிறலாம். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும், ஆகவே 20க்கு 100 மடங்கு. சராசரிக்கு அரை வாட் போதும் என்றால் அந்த ஒரு நொடிக்கு 50 தேவை. ஒரு நல்ல இன்டிகிரேட்டட் ஆம்ப் இதை அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும். 50 வாட்ஸை விட்டு 100க்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே, கவனித்துக் கேட்டால்தான் தெரியும். 85 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் ஸ்பீக்கர் எடுத்தால், அதே சத்தத்துக்கு நான்கில் ஒரு பங்கு வாட்ஸ் போதும். பெரிய ஹால், 4 ஓமுக்கும் கீழே இறங்கும் ஸ்பீக்கர், நிறைய சத்தம் என்று மூன்றும் சேர்ந்தால்தான் தனிப் பவர் ஆம்ப் அவசியமாகிறது. மற்ற வீடுகளில் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, தரையில் ஒரு கம்பளம் விரித்தாலே அதைவிடப் பெரிய மாற்றம் தெரியும்.

எது சீக்கிரம் பழசாகும்

நான் யாருக்கு யோசனை சொன்னாலும் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். எல்லாக் கருவிக்கும் ஒரே வயது கிடையாது.

நல்ல ஸ்பீக்கர் பல பத்தாண்டுகள் ஓடும். கூம்பைச் சுற்றி நுரை விளிம்பு இருந்தால் பதினைந்து, இருபது ஆண்டுகளில் பொடிந்துபோகும், புதிதாக ஒட்டிக்கொள்ளலாம். ஆம்பும் அப்படித்தான், மின்தேக்கிகளை மாற்றி இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். ஆர்சிஏ சாக்கெட் 80 ஆண்டுகளாக மாறவில்லை. 1978 ஆம்பில் இன்றைய ஸ்ட்ரீமரை மாட்டினால் அப்படியே பாடும்.

டிஜிட்டல் பக்கம் கதை வேறு. எச்டிஎம்ஐ முதலில் வந்தது 2002இல். டிவியின் சத்தத்தை அதே கேபிளில் திருப்பி அனுப்பும் ஏஆர்சி 2009இல் 1.4 பதிப்போடு வந்தது. 2013இல் 2.0, 2017இல் 2.1. நடுவே 2014இல், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் வீட்டுக் கருவிகளுக்கு வந்தது. ஆம்ப் பகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும், இவற்றில் ஏதோ ஒன்று வேண்டும் என்பதற்காக முழு ரிசீவரையும் மாற்றியவர்கள் ஏராளம். ஸ்ட்ரீமிங் இன்னும் மோசம். தயாரித்தவர் செயலியைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், உள்ளே ஒரு பாகமும் கெடாமலேயே அந்த வசதி செத்துப்போகும்.

அதனால் என் வழக்கம் இதுதான்: மெதுவாக வயதாகிறவற்றை ஒன்றாக வைத்து, வேகமாக வயதாகிறதைத் தனியே வைப்பேன். ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, இரண்டும் கூடவே கிழடாகும். அதோடு ஸ்ட்ரீமரையும் பிரிக்க முடியாதபடி கட்டிப்போடுவதில்தான் யோசனை. அக்கா வீட்டுக்கு வாங்கியபோதும் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். அதில் அனலாக் 'லைன் இன்' ஒரு ஜோடி இருக்கிறது. உள்ளே இருக்கும் ஸ்ட்ரீமர் நாளை கைவிடப்பட்டாலும், வெளியே ஒரு சின்ன ஸ்ட்ரீமரை மாட்டி அது சாதாரண ஆம்பாக வாழ்க்கையைத் தொடரும். அந்த ஒரு ஜோடி சாக்கெட் இல்லாத பெட்டியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

ஏவி ரிசீவரில் இதே மாதிரிப் பார்க்க வேண்டியது 'ப்ரீ அவுட்'. நிறையப் படம் பார்க்கிறவருக்கு ஏவி ரிசீவரே சரியான ஆரம்பம். சரவுண்ட் ப்ராசஸர் தனி, ஏழு சேனல் பவர் ஆம்ப் தனி என்று போனால் செலவும் இடமும் எங்கோ போய்விடும். ப்ரீ அவுட் இருந்தால், பின்னால் முன்பக்கத்து இரண்டு மூன்று ஸ்பீக்கர்களுக்கு மட்டும் ஒரு பவர் ஆம்ப் சேர்க்கலாம். ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் மீதமுள்ளவற்றை நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளும். ரிசீவர் பழசாகும்போது அந்தப் பவர் ஆம்ப் அடுத்த ரிசீவரோடும் ஒட்டிக்கொள்ளும்.

சேர்ப்பதாலேயே ஒலி நன்றாகும் ஓர் இடமும் உண்டு, அது உண்மையான ஆக்டிவ் ஸ்பீக்கர். சாதாரண ஸ்பீக்கரில் ஆம்பிலிருந்து வரும் பலமான மின்சாரத்தை உள்ளே ஒரு கிராஸ்ஓவர் பலகை பிரித்து, பாஸை வூஃபருக்கும் கீச்சை ட்வீட்டருக்கும் அனுப்பும். ஆக்டிவ் ஸ்பீக்கரில் சின்ன சிக்னலாக இருக்கும்போதே பிரித்துவிடுவார்கள்; வூஃபருக்கு ஓர் ஆம்ப், ட்வீட்டருக்கு ஓர் ஆம்ப், ஒவ்வொன்றும் தன் ஸ்பீக்கரை நேரடியாகப் பிடித்து ஓட்டும். பொருத்தம் பார்க்கும் தலைவலி முழுக்கத் தயாரித்தவருடையது. ஒலிப்பதிவுக் கூடங்களில் இவை நிறைந்திருப்பது சும்மா இல்லை. 'பவர்டு' என்று விற்பவை எல்லாம் இப்படி இல்லை. பலவற்றில் ஒரு ஸ்பீக்கருக்குள் சாதாரண ஸ்டீரியோ ஆம்பை வைத்து, மற்றொன்றுக்கு வயர் இழுத்திருப்பார்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனி மின்சார வயர் இருந்தால் பெரும்பாலும் ஆக்டிவ், ஒன்றுக்கு மட்டும் இருந்தால் பெரும்பாலும் மற்றது. ஆக்டிவில் ஒரு குறை, உள்ளே ஆம்ப் கெட்டால் முழு ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

சவுண்ட்பார் பற்றி ஒரு வரி: டிவியில் பேச்சு தெளிவாகக் கேட்டால் போதும், அறையில் வேறு எதற்கும் இடமில்லை என்பவருக்கு அது நல்ல தீர்வு. பாட்டுக்காக வாங்குகிறவர் அதே பணத்துக்கு ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். இடது, வலது என்று இரண்டு மீட்டர் இடைவெளியில் வைத்த ஸ்பீக்கர்கள் நடுவில் பாடகரை நிறுத்துவதை ஒரு நீளக் குழாயால் செய்வது கஷ்டம்.

என் பழைய ஆம்ப் இன்னும் ஓடுகிறது. சில ஆண்டுகளுக்குமுன் அதன் வால்யூம் குமிழ் தேய்ந்து, திருப்பும்போதெல்லாம் 'கரகர' என்று சத்தம் வர ஆரம்பித்தது. அந்த அளவில் மாற்றுக் குமிழ் கிடைக்கவில்லை. கொண்டை ஊசிகளைப் பிடுங்கினேன், இந்த முறை தெரிந்தே. ஒரு சின்ன ப்ரீஆம்ப் வாங்கி, கேபிளை 'மெயின் இன்' சாக்கெட்டில் செருகினேன். பெட்டியின் முன்பாதி ஓய்வில் இருக்கிறது, பின்பாதி பவர் ஆம்பாகத் தினமும் வேலை செய்கிறது. அந்த இரண்டு துண்டுகளையும் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, 'இது இல்லாமல் தனியாகப் பாடாது' என்று எழுதி, பெட்டியின் அடிப்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.